ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கேளுங்க! ஐ.டி. ரிட்டர்னும் 'எங்கேஜ்மென்ட் லெட்டரும்'

"சார், இப்போ உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க..."

ஜூலை மாதம் வந்தாலே இந்தக் குரலை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்கு நிற்கும்போது கேட்டிருப்போம், ஆவடி தொழிற்சாலை ஷிப்டுக்கு நடுவில் கேட்டிருப்போம், பட்டாபிராம் டைடல் பார்க்கில் மதிய சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருப்போம். ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவோம். "ரிட்டர்ன் போட்டாச்சு, ரீஃபண்ட் வரும்" என்று மெசேஜ் வரும். அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

உண்மையில் அந்த நொடியில்தான் நம் பொறுப்பு தொடங்குகிறது. ரிட்டர்னில் என்ன எழுதியிருந்தார், எதற்கு அவர் பொறுப்பு, எதற்கு நாம் பொறுப்பு, நாளைக்கு நோட்டீஸ் வந்தால் யார் பதில் சொல்வது? இதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் காகிதத்துக்குப் பெயர்தான் எங்கேஜ்மென்ட் லெட்டர். தமிழில் பணி ஒப்புதல் கடிதம் எனலாம். அது ஏன் முக்கியம், அதில் என்ன இருக்க வேண்டும்? பார்ப்போம்.

ஓடிபி சொன்னால் என்ன ஆகிறது?

ஐ.டி. ரிட்டர்னைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். இதுதான் இ-வெரிஃபிகேஷன். ஆதார் ஓடிபி மூலம் செய்வது அதில் எளிய வழி.

ரிட்டர்ன் படிவத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கும். 'இதில் உள்ள விவரங்கள் எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை சரியானவை, முழுமையானவை' என்பது அதன் சாரம். நீங்கள் சொல்லும் ஓடிபி, அந்த உறுதிமொழிக்குக் கீழே நீங்கள் போடும் கையெழுத்துக்குச் சமம்.

இன்னொரு விஷயம். சாதாரண சம்பளக்காரர் போடும் ஐடிஆர்-1 படிவத்தில், அதைத் தயாரித்துக் கொடுத்த ஆடிட்டரின் பெயரை எழுத இடமே இல்லை. வருமான வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற 'டிஆர்பி' எனும் ரிட்டர்ன் தயாரிப்பாளர் என்றால் மட்டும் அவருடைய அடையாள எண்ணைக் குறிப்பிடலாம். மற்றபடி துறையின் கணக்கில் அந்த ரிட்டர்னுக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். அது நீங்கள்.

2025 ஜூலை 14: நடந்தது என்ன?

அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் ஒரே நேரத்தில் சரிபார்ப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. குறி வைக்கப்பட்டவர்களில் முக்கியமானவர்கள், பொய்யான கழிவுகளைக் காட்டி மற்றவர்களுக்கு ரீஃபண்ட் வாங்கிக்கொடுத்த ரிட்டர்ன் தயாரிப்பாளர்களும் இடைத்தரகர்களும்.

மகாராஷ்டிரா, தமிழ்நாடு, டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அதற்கு முன் நடந்த சோதனைகளில் ஆதாரம் கிடைத்ததாக வாரியம் சொன்னது. வீட்டு வாடகைப் படி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, கல்விக் கடன் வட்டிக்கான 80இ, அரசியல் கட்சி நன்கொடைக்கான 80ஜிஜிசி போன்றவை தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன.

இப்படி ரிட்டர்ன் போட்டவர்கள் யார்? பன்னாட்டு நிறுவன ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், அரசு ஊழியர்கள், கல்வி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், தொழில்முனைவோர். நம்மைப் போல் மாதச் சம்பளம் வாங்குபவர்களும் இந்தப் பட்டியலில் நிறைய.

வாரியம் சொன்ன ஒரு தகவலைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தத் தயாரிப்பாளர்கள் பலர், மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக இமெயில் முகவரிகளை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். சீசன் முடிந்ததும் அதைக் கைவிட்டார்கள். துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் போய் விழுந்தன. வரி கட்ட வேண்டியவருக்கு நோட்டீஸ் வந்ததே தெரியாது!

அந்த அறிவிப்புக்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்கான தவறான கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

மாட்டினால் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் பழைய வரி முறையில் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறீர்கள். ரிட்டர்ன் போட்டவர், நீங்கள் செய்யாத 1,50,000 ரூபாய் செலவைக் கழிவாகக் காட்டிவிட்டார். 20 சதவீதம் என்றால் 30,000 ரூபாய், அதன் மேல் 4 சதவீத செஸ் 1,200 ரூபாய். ஆக 31,200 ரூபாய் ரீஃபண்ட் வருகிறது. 'பத்து பர்சன்ட் நம்ம கமிஷன்' என்று 3,120 ரூபாய் அவருக்குப் போய்விடுகிறது.

பிறகு துறை கண்டுபிடிக்கிறது. 31,200 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு 270ஏ பிரிவின்படி வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அது 62,400 ரூபாய். மொத்தம் 93,600 ரூபாய். வட்டி தனி.

கமிஷன் வாங்கியவர்? போன் ஸ்விட்ச் ஆஃப்.

பொய்யான உறுதிமொழி கொடுத்ததற்கு 277-வது பிரிவும், அதற்குத் துணைபோனவர் மீது 278-வது பிரிவும் பாயலாம். அதாவது தயாரிப்பாளரும் தப்ப முடியாது. ஆனால் 'அவர்தான் செய்தார்' என்று சொல்ல உங்கள் கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

(இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டு சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1-ஐ தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு.)

எங்கேஜ்மென்ட்னா நிச்சயதார்த்தம்தானே?

ஏறக்குறைய அதேதான்! நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை எழுதிச் சபையில் வாசிப்பார்கள். யாருக்கு யார், எந்த நாள், எந்த இடம் என்று எழுதி, இரு வீட்டாரும் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் தாம்பூலம் மாறும். பின்னால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று யாரும் பேச முடியாது.

ஆடிட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்வதுதான் எங்கேஜ்மென்ட் லெட்டர். என்ன வேலை, எந்த ஆண்டுக்கு, எவ்வளவு கட்டணம், யார் எதைத் தர வேண்டும், எது இந்த வேலையில் சேராது என்று எழுதி இருவரும் ஒப்புக்கொள்வது.

சட்டப்படி கட்டாயமா?

தனிநபர் ரிட்டர்னுக்குக் கட்டாயம் இல்லை. நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும்போது மட்டும், ஐசிஏஐ எனப்படும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் எஸ்.ஏ. 210 என்ற தணிக்கைத் தரநிலை, பணி விதிமுறைகளை எழுத்தில் பதிவு செய்யச் சொல்கிறது.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதை மறுக்கவில்லை. ஆனால் தகராறு வந்தால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் கட்டணம் வாங்கி ரிட்டர்ன் தயாரிப்பவர், தன் பெயரில் பெற்ற பிடிஐஎன் எண்ணைக் குறிப்பிட்டு, ரிட்டர்னில் தானும் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களை அந்த நாட்டு வரித்துறை 'பேய்த் தயாரிப்பாளர்கள்' என்று சொல்லி எச்சரிக்கிறது. இங்கே ஐடிஆர்-1-இல் அந்தக் கையெழுத்துக்கே இடம் இல்லை என்பதால், தனியாக ஒரு கடிதம் வாங்கி வைப்பது இன்னும் அவசியம்.

நம்ம 'ஆடிட்டர்' உண்மையில் ஆடிட்டரா?

வரி வேலை பார்க்கும் எல்லோரையும் நாம் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அவர் சி.ஏ. படித்தவராக இருக்கலாம், வரி வழக்கறிஞராக இருக்கலாம், ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருக்கலாம், 2006-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வந்த டிஆர்பி-யாக இருக்கலாம். பிரவுசிங் சென்டர் நடத்துபவராகவோ, ஆபீஸில் எல்லோருக்கும் ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் சக ஊழியராகவோ கூட இருக்கலாம்.

இவர்களில் யாரிடம் போட்டாலும் தப்பில்லை. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. சி.ஏ. தவறு செய்தால் ஐசிஏஐ-யின் ஒழுங்குப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் இருக்கிறது. கடைக்காரர் மீது அப்படிப் புகார் சொல்ல எந்த அமைப்பும் இல்லை. அதனால் கடிதத்தின் முதல் வரியிலேயே அவர் யார், உறுப்பினர் எண் என்ன, முகவரி எது என்பது இருக்க வேண்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டிய 8 விஷயங்கள்

1. எந்த வேலை, எந்த ஆண்டு: எந்த நிதியாண்டு, எந்த படிவம், பழைய வரி முறையா புதிய முறையா என்று இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் என்றால் ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனியாக.

2. எது சேராது: நோட்டீஸுக்குப் பதில், பழைய ஆண்டுத் திருத்தம், ஜிஎஸ்டி, வீடு விற்ற லாபக் கணக்கு போன்றவை சேருமா, தனிக் கட்டணமா? அதிக சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

3. நீங்கள் தர வேண்டியவை: ஃபார்ம் 16, எல்லா வங்கிக் கணக்குகளின் வட்டி, ஷேர், மியூச்சுவல் ஃபண்ட், கிரிப்டோ, வெளிநாட்டுச் சொத்து. எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதும்.

4. ஆதாரம் இல்லாமல் கழிவு இல்லை: 'வாடிக்கையாளர் தந்த ஆவணத்தில் இல்லாத எந்தக் கழிவும் கோரப்படாது' என்ற ஒரு வரி. இந்த வரியை எழுதித்தர மறுப்பவரிடம் ரிட்டர்ன் போடாதீர்கள்.

5. முதலில் டிராஃப்ட், பிறகு தாக்கல்: கணக்கீட்டுத் தாளை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகுதான் தாக்கல்.

6. உங்கள் போன், உங்கள் இமெயில்: போர்ட்டலில் முதன்மைத் தொடர்பாக உங்களுடைய எண்ணும் முகவரியும்தான் இருக்கும் என்ற உறுதி.

7. கட்டணம்: மொத்தத் தொகை எவ்வளவு, எப்போது கொடுப்பது, ரசீது உண்டா? 'ரீஃபண்டில் இத்தனை சதவீதம்' என்று பேசினால் உஷார். ரீஃபண்டை ஏற்றிக் காட்டினால் அவருக்கும் லாபம் என்றாகிவிடும்.

8. தவறு நேர்ந்தால்: அவருடைய கவனக்குறைவால் வட்டியோ தாமதக் கட்டணமோ வந்தால் யார் கட்டுவது? நீங்கள் மறைத்த வருமானத்தால் வந்தால்? இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். கூடவே, ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பார் என்பதும்.

ஆடிட்டர்கள் தரப்பில் என்ன சொல்கிறார்கள்?

இந்தக் கடிதம் வாடிக்கையாளருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நேர்மையாக வேலை பார்க்கும் ஆடிட்டருக்கும் இது கவசம்.

கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரி ஃபார்ம் 16-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'ஏன் லேட்?' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வங்கிக் கணக்கைச் சொல்லி மூன்றாவதை மறைப்பவர்களும் உண்டு. அந்த வட்டி ஏஐஎஸ் அறிக்கையில் வந்து நிற்கும்போது பழி ஆடிட்டர் மேல் விழும். 'பக்கத்து சீட் காரருக்கு ரீஃபண்ட் வந்திருக்கு, எனக்கு மட்டும் ஏன் வரல?' என்ற நச்சரிப்பும் உண்டு.

அதனால் முறையாக வேலை செய்யும் அலுவலகங்கள், ஆவணப் பட்டியலோடு சேர்த்தே இந்தக் கடிதத்தை அனுப்பிவிடுகின்றன. சம்மதம் வந்த பிறகுதான் ஃபைலைத் திறப்பார்கள். பழைய வாடிக்கையாளர் என்றாலும் ஆண்டுதோறும் புதிதாக அனுப்புவார்கள், ஏனென்றால் போன வருடம் சம்பளம் மட்டும் வாங்கியவர் இந்த வருடம் மனை விற்றிருக்கலாம். நடுவில் வேலை கூடினால் 'இது கூடுதல் வேலை, இவ்வளவு ஆகும்' என்று தனி மெயில் போடுவார்கள். பொய்க் கழிவு போடச் சொல்லி அழுத்தம் கொடுத்தால், 'இந்த வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதித்தந்து ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஏன் பல இடங்களில் இந்த வழக்கம் இல்லை? இரண்டு பக்கமும் கூச்சம்தான். 'ஆயிரம் ரூபாய் வேலைக்கு அக்ரிமென்ட்டா?' என்று ஒருவர் நினைப்பார். 'பத்து வருஷப் பழக்கம், எழுதிக் கேட்டா சங்கடப்படுவாரே' என்று இன்னொருவர் நினைப்பார். நோட்டீஸ் வரும் நாளில் அந்தப் பழக்கமும் சேர்ந்தே முறியும்.

வாட்ஸ்அப் மெசேஜ் போதுமா?

முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் வேண்டாம். லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இமெயில் போதும். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. இமெயிலும் இல்லையா? இந்த மெசேஜை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்:

*"வணக்கம் சார். என்னுடைய இந்த ஆண்டு ஐ.டி. ரிட்டர்னைத் தயார் செய்ய உங்களிடம் கொடுக்கிறேன். நான் அனுப்பும் ஆவணங்களில் இருக்கும் கழிவுகளை மட்டும் போடுங்கள். தாக்கல் செய்யும் முன் கணக்கீட்டுத் தாளை எனக்கு அனுப்புங்கள், நான் சரி என்ற பிறகு தாக்கல் செய்யலாம். போர்ட்டலில் என் போன் எண்ணும் இமெயிலும் மட்டும் இருக்கட்டும். கட்டணம் ...... ரூபாய். நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிப்பது இதில் சேருமா என்று சொல்லுங்கள். சரி என்றால் பதில் போடுங்கள்."*

'சரி' என்று பதில் வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'இதெல்லாம் எதுக்கு சார், நான் பாத்துக்கறேன்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடிதம் இருந்தால் நோட்டீஸ் வராதா?

வரும். இதில் தெளிவாக இருக்க வேண்டும். எங்கேஜ்மென்ட் லெட்டர் உங்களுக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். வருமான வரித்துறையை அது கட்டுப்படுத்தாது. ரிட்டர்னில் பொய் இருந்தால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஆனால் என்ன ஆவணம் கொடுத்தீர்கள், என்ன சொல்லி வேலையை ஒப்படைத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். அவர் மீது புகார் கொடுக்கவும், நஷ்டஈடு கேட்கவும் அதுதான் அடிப்படை. எல்லாவற்றையும் விட, 'எழுதிக் கொடுங்க' என்று கேட்ட உடனே போலிகள் தாங்களாகவே விலகிப் போய்விடுவார்கள்.

பழைய ரிட்டர்ன்களை மறுபடி திறக்கப் பொதுவாக, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை துறை நோட்டீஸ் அனுப்பலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் 5 ஆண்டு 3 மாதம். அதனால் கடிதத்தையும் ஆவணங்களையும் ஆறேழு ஆண்டுகளாவது பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கனவே தப்பாகப் போட்டிருந்தால்?

பயந்து ஒளிய வேண்டாம். 'அப்டேட்டட் ரிட்டர்ன்' எனும் ஐடிஆர்-யு மூலம் தானாக முன்வந்து திருத்தலாம். 2025 நிதிச் சட்டம் இதற்கான காலத்தை 24 மாதத்திலிருந்து 48 மாதமாக உயர்த்தியது. வரி, வட்டியோடு அவற்றின் மேல் கூடுதலாக முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36 மாதத்துக்குள் 60, 48 மாதத்துக்குள் 70 சதவீதம் கட்ட வேண்டும். தள்ளிப்போடப் போட செலவு ஏறும். துறையின் நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடக்கூடும்.

இன்றைக்கே பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே பார்த்துவிடலாம்.

* வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டலில் உங்கள் பான் எண்ணில் உள்ளே போங்கள். புரொஃபைலில் இருக்கும் போன் எண், இமெயில் உங்களுடையதா? இல்லை என்றால் உடனே மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.
* தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் பகுதியில் கடந்த மூன்று ஆண்டு ரிட்டர்னை டவுன்லோட் செய்யுங்கள். நீங்கள் கொடுக்காத நன்கொடை, எடுக்காத கடன், இல்லாத பாலிசி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* நிலுவை நடவடிக்கைகள் பகுதியில் இ-புரொசீடிங்ஸைத் திறந்து, நீங்கள் பார்க்காத நோட்டீஸ் ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை "ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால், "கணக்கீட்டுத் தாள் அனுப்புங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.